அரத்தில் செய்த மூன்று கத்திகள்

2017 ஜூலையில் சுங்கை ரோடு சந்தையை மூடுவதற்குச் சில வாரம் முன்னால், சிங்கப்பூரின் அந்தப் பழைய பொருள் சந்தையில் மூன்று பழைய அரம் வாங்கினேன். அவற்றைக் கத்தியாக்கும் ஆசை போன வருடம்தான் வந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் உலை மூட்ட முடியுமா? சுங்கை காடுட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஞாயிறுதோறும் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார்.

முதல் அரத்தை அப்படியே கிரைண்டரில் வைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே கத்தி வடிவம் வந்துவிட, எனக்குத் தலைகால் புரியவில்லை. விளிம்பு நீலமானதை அழகு என்றே நினைத்தேன். சூடு ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டு, உருக்கின் கடினம் போய்விட்டதற்கு அடையாளமாம் அது. அம்மா முருங்கைக்காய் நறுக்கினார், கத்தியின் வாய் மடங்கிவிட்டது.

இரண்டாவதைச் சிவக்கச் சுட்டு, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டேன். இரும்பு இளகி, இன்னொரு அரத்தால் ராவ முடிந்தது. வடிவம் வரவே இரண்டு மாத ஞாயிறு. அப்புறம் தோய்ச்சல், அதாவது மறுபடி சிவக்கச் சுட்டுச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது. ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தம் ஒட்டாது. அதற்குக் கொஞ்சம் மேலே போனதும் தோய்க்க வேண்டும். அதுவரை சரியாகத்தான் செய்தேன். ஊரில் கொல்லர் அரிவாளைத் தண்ணீரில் தோய்ப்பதைச் சின்ன வயதில் பார்த்த நினைவு, நானும் வாளித் தண்ணீரில் விட்டேன். ‘டிங்’. அவ்வளவுதான் சத்தம். பிடியருகே மயிரிழை போல விரிசல்.

மூன்றாவதற்கு வெதுவெதுப்பான சமையல் எண்ணெய். குப்பென்று தீ எழுந்தது. இரும்பு டின்னும் அதன் மூடியும்தான் காப்பாற்றின. இந்த முறை விரிசல் இல்லை, அரம் வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்குக் கடினம். அப்படியே விட்டால் கீழே விழுந்ததும் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை. வைக்கோல் நிறம் வந்தது. ஓவனில் எண்ணெய் வாடை போகவில்லை என்று அம்மா இன்னும் திட்டுகிறார்.

தக்காளியைப் பிரமாதமாக நறுக்குகிறது. ஆனால் இங்குள்ள ஈரக்காற்றில், எலுமிச்சை வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் காலையில் துருப்புள்ளி. தேங்காய் எண்ணெய் தடவி வைப்பது என் வேலை.

இரண்டாவது வெடித்ததற்குத் தண்ணீர் மட்டும்தான் காரணமா?

பதில்: எனக்கு வெடிக்கவில்லை, வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது! ஒரு பக்கத்தை அதிகமாகத் தேய்த்திருந்தேன். தோய்ச்சலுக்கு முன்னால் வாயை ரொம்ப மெலிதாக்காதீர்கள், கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும்.

பதில்: தம்பி, தண்ணீர் ஒரு காரணம். அரத்தின் பற்களை முழுக்க எடுத்துவிட்டா சுட்டீர்கள்? பல் தடம் மிச்சம் இருந்தால் விரிசல் அங்கேதான் பிடிக்கும். பழைய அரத்தில் உளி செய்து நானும் இரண்டைக் கெடுத்திருக்கிறேன்.

பதில்: அண்ணே, பிடியருகே ஒரு விரல் அகலத்துக்குப் பற்களை அழகுக்காக விட்டிருந்தேன்.