அரை டிக்கெட்டும் அரிச்சந்திரனும்

அக்கா: தேனி வந்து சேர்ந்துவிட்டோம். இப்போது யாரும் இவருக்கு போன் போடாதீர்கள். பேசும் நிலையில் இல்லை.

தம்பி: என்ன ஆச்சு? பஸ்ஸில் சண்டையா?

அக்கா: ஆரப்பாளையத்தில் ஏறினோம். கண்டக்டர் சின்னவனைக் காட்டி "தம்பிக்கு என்ன வயசு?" என்றார். இவர் கூசாமல் "இன்னும் அஞ்சு முடியல சார்" என்றார். ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்பி, "அப்பா, எனக்கு ஆறு! போன மாசம்தானே கேக் வெட்டுனோம், மறந்துட்டீங்களா?" என்று கத்தினான்.

தம்பி: ஐயோ!

அக்கா: முழுசாகக் கேள். இவர் அவன் தொடையைக் கிள்ளினார். "ஏம்ப்பா கிள்றீங்க?" என்று அதையும் சத்தமாகக் கேட்டான். பின் சீட்டுப் பாட்டி சிரித்த சிரிப்பு உசிலம்பட்டி வரை ஓயவில்லை.

மாமா: வயதுக் கணக்கில் ஒரு சின்னக் குழப்பம். அவ்வளவுதான்.

அக்கா: ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, ஜூலை 31-க்குள் அஞ்சு முடிந்துவிட்டது என்று மல்லுக்கு நின்றது யார்?

பெரியப்பா: மாப்பிள்ளை, நான் கண்டக்டர் பை மாட்டியிருந்த காலத்தில் மூன்று வயது தாண்டினாலே அரை டிக்கெட். 2022-இல்தான் அஞ்சு வயது வரை இலவசம் என்று ஆக்கினார்கள். ரெண்டு வருஷம் கூட்டிக் கொடுத்தும் போதவில்லையா?

மாமா: மாமா, நீங்களுமா?

பெரியப்பா: அந்தக் கண்டக்டர் புதுசு போல. வயதைப் பெற்றவர்களிடம் கேட்கவே கூடாது. நாங்கள் பிள்ளையிடம் குனிந்து "ராசா, எத்தனாப்பு படிக்கிற?" என்போம். "ரெண்டாப்பு" என்று பெருமையாக வந்துவிடும். அப்பன் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர வேண்டும். பார்த்தால் வம்பு. விவரமான தாய்மார்கள் எங்களைக் கண்டதும் பிள்ளை வாயில் முறுக்கைத் திணித்துவிடுவார்கள்.

தம்பி: ரயில் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அஞ்சிலிருந்து பன்னிரண்டுக்குள் தனிப் படுக்கை வேண்டுமானால் 2016-இலிருந்து முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. வயதை முன்பதிவிலேயே போட்டுவிடுவோம், பக்கத்தில் பிள்ளை இருக்காது.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். பிள்ளையை அடித்தீர்களா?

அக்கா: இல்லை அம்மா. இறங்கியதும் "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்றார். "நீங்க தப்பா சொன்னீங்க, நான் ஹெல்ப்தானே பண்ணேன்" என்கிறான். என்ன பதில் சொல்வது?

சித்தி: அவன் சொன்னது சரிதான். 1983-இல் விம்மர், பெர்னர் என்று இரண்டு பேர் செய்த சோதனையை பி.எட்.டில் படித்திருக்கிறேன். ஒரு பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவனுக்குத் தெரியாமல் அம்மா வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான் என்று கேட்டால், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் புது இடத்தைக் காட்டுகிறார்கள். ஆறு வயதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

தம்பி: பஸ்ஸுக்கும் சாக்லேட்டுக்கும் என்ன சம்பந்தம் சித்தி?

சித்தி: "மறந்துட்டீங்களா" என்று கேட்டான் அல்லவா? அப்பா ஒன்றைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்பா வேண்டுமென்றே கண்டக்டரைத் தப்பாக நினைக்க வைக்கிறார் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

மாமா: அது எப்போது பிடிபடும்?

சித்தி: சீக்கிரமே. அப்போது முதலில் உங்களிடம்தான் ஆரம்பிப்பான்.

பெரியப்பா: திரும்பி வரும்போது கேட்பதற்கு முன்னாலேயே "ரெண்டு முழு, ஒரு அரை" என்று சொல்லிவிடுங்கள் மாப்பிள்ளை.

அக்கா: அது கிடக்கட்டும் பெரியப்பா. இங்கே நாத்தனார் அதிரசம் சுட்டிருக்கிறார். கல் தோற்றது. சின்னவன் ஒன்றைக் கடித்துவிட்டு என்னையே பார்க்கிறான். "எப்படிடா இருக்கு?" என்று அவர் கேட்டுவிட்டார்.

அம்மா: அங்கே முறுக்கு ஏதாவது இருக்கிறதா பார்!