பொலேரோவை இரண்டு அங்குலம் உயர்த்தலாமா? தோப்புப் பாதைக்கு ஆலோசனை தேவை

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2014ஆம் ஆண்டு வாங்கிய மகிந்திரா பொலேரோ இருக்கிறது. குடியிருப்பது மஞ்சக்குப்பத்தில், காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தோப்பு இருப்பதால் வாரத்துக்கு இரண்டு முறையாவது அங்கே போய்வர வேண்டும். தார்ச்சாலையிலிருந்து தோப்புக்குப் பிரியும் செம்மண் பாதையில் டிராக்டர்கள் ஓடி ஓடி இருபுறமும் பள்ளம் விழுந்து, நடுவில் மேடு நின்றுவிட்டது. ஐப்பசி மழை பெய்துவிட்டால் அந்த மேட்டில் வண்டியின் அடிப்பகுதி உரசாமல் ஒரு நாளும் திரும்பியதில்லை. அறுவடைக் காலத்தில் 80 கிலோ கொட்டை மூட்டைகள் நான்கைந்தைப் பின்னால் ஏற்றும்போது நிலைமை இன்னும் மோசம்.

புதுச்சேரியில் ஒரு கடையில் விசாரித்தேன். முன்புறச் சுருள் ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் (இடைத்துண்டு), பின்புறக் கமான் பட்டைக்கு (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) நீளமான ஷாக்கிள் (பட்டையை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கொண்டி) ஆகியவற்றைப் போட்டு, இரண்டு அங்குலம் உயர்த்தி ஒரே நாளில் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் தென்பெண்ணை வெள்ளத்தைப் பார்த்தவன் என்பதால், உயரம் கூடினால் தண்ணீரிலும் தைரியமாகப் போகலாம் என்ற ஆசையும் இருக்கிறது. செய்யலாமா? செய்தால் பிற்பாடு என்னென்ன தொல்லை வரும்?

பழைய பட்டறை (புதுச்சேரி) எழுதியது:

ஐயா, கடைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் உரசல் தழும்பு இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஸ்பேசரும் ஷாக்கிளும் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தையும் அதன்மேல் உள்ளவற்றையும் மட்டுமே தூக்கும். பின் அச்சும், அதன் நடுவில் குடம்போல் தொங்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியும் சக்கரத்தோடு சேர்ந்தவை என்பதால், எத்தனை அங்குலம் உயர்த்தும் கிட் போட்டாலும் அவை தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அவற்றை உயர்த்த வேண்டுமானால் டயரைப் பெரிதாக்குவது ஒன்றே வழி. உங்கள் 215/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 703 மி.மீ.; 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ. ஆகும். விட்டத்தில் கூடுவதில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும் என்பதால் லாபம் 15 மி.மீ. மட்டுமே. அதற்கு விலையாக, வேகமானி 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பத்து ஆண்டுகளுக்கு மேல் மூட்டை சுமந்த கமான் பட்டை தன் வளைவை இழந்திருக்கும். சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை நாடா பிடித்து அளந்து, அதே மாடலில் நல்ல நிலையிலுள்ள இன்னொரு வண்டியோடு ஒப்பிடுங்கள். உட்கார்ந்துபோன பட்டைக்கு நீளமான ஷாக்கிள் போடுவது, முதுகு வளைந்தவருக்கு உயரமான செருப்பு வாங்கிக் கொடுப்பதைப் போன்றது.

கிட் போட்டால் வரும் தொல்லைகளைக் கேட்டீர்கள். முன்புறத்தில் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, அவற்றின் முனையில் உள்ள பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டு எந்நேரமும் தன் வரம்புக்கு அருகிலேயே வேலை செய்யும். ஷாக் அப்சார்பரின் நீளம் மாறாததால், பள்ளத்தில் சக்கரம் இறங்க வேண்டிய தூரம் குறைந்து, 'டக்' என்று இழுத்து அடிக்கும். கேம்பரும் டோவும் (சக்கரத்தின் சாய்வும் திசையும்) மாறுவதால், அவற்றைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் புது டயர் சில மாதங்களிலேயே ஓரம் தேய்ந்துவிடும். பின்புறத்தில் ஷாக்கிளை எவ்வளவு நீட்டுகிறோமோ அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். கூடவே அச்சு சற்றுச் சுழன்று கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறுவதால், குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வரும். பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வண்டிகளில் பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி தாழும்போது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. வண்டியை உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், ஐந்து மூட்டை ஏற்றியிருந்தும் வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொண்டிருக்கும்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, உயரம் கூடியதை நம்பி இறங்காதீர்கள். ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் திடீரெனத் தண்ணீரில் மூழ்கும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஃபெஞ்சலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வடித்த எண்ணெய் பலவும் பால் கலந்த காப்பி நிறத்தில்தான் இருந்தது. பிரீதருக்கு ரப்பர் குழாய் இணைத்து மேலே கொண்டுபோய்க் கட்டுவது மிகச் சிறிய செலவு. அதை மட்டும் எப்படியும் செய்துவிடுங்கள்.

வில்லியனூர் வாசி எழுதியது:

பட்டறை ஐயா தொடாத பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் வண்டியை நிறுத்துபவர்கள் மது பாட்டிலைத்தான் தேடுவார்கள், ஸ்பிரிங்கைப் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் விபத்துக்குப் பிறகு வரும் காப்பீட்டு சர்வேயர் ஸ்பிரிங்கைத்தான் பார்ப்பார்.

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை அளந்து பார்த்தேன். பக்கத்துத் தெருவில் உள்ள அதே மாடல் வண்டியோடு ஒப்பிட்டால் முன்புறத்தில் வித்தியாசம் இல்லை. பின்புறம் இடப்பக்கம் 4 செ.மீ., வலப்பக்கம் 3 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. தழும்புகளில் பெரும்பாலானவை சைலன்சர் குழாயிலும், கியர் பெட்டிக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்திலும் இருக்கின்றன; டிஃபரன்ஷியலில் ஒரே ஒரு கீறல்தான். எனவே கிட் எண்ணத்தைக் கைவிட்டு, பட்டைகளை மாற்றலாம் என்றிருக்கிறேன். பழைய பட்டையையே அடித்து வளைவு ஏற்றிக் கொடுப்பதாகக் கடலூரில் ஒருவர் சொல்கிறார்; அது போதுமா?

பழைய பட்டறை (புதுச்சேரி) எழுதியது:

அடித்து வளைத்த பட்டை பாரம் ஏற்றும் வண்டியில் நெடுநாள் நிற்காது. அறுவடை முடிவதற்குள் மறுபடியும் உட்கார்ந்துவிடும். நிறுவனத்தின் புதுப் பட்டைத் தொகுப்பையே இருபக்கமும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்ற வேண்டாம். பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டவை என்பதால் அவற்றையும் புதிதாக வாங்கி, 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். பட்டையின் காதுகளில் (முனை வளையங்களில்) உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் இறங்கி, வண்டியின் எடை முழுவதும் பட்டையில் அமர்ந்தபிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு விரைவில் கிழிந்துவிடும். பின்புறம் உயர்ந்ததும் முகப்பு விளக்கின் ஒளி தாழ்ந்து விழும், அதையும் சரிசெய்துகொள்ளுங்கள்.

டிஃபரன்ஷியலில் உள்ள அந்த ஒரே கீறலுக்கு, தோப்புக்காரர்கள் சேர்ந்து டிராக்டர் பிளேடை ஒருமுறை அந்த மேட்டில் ஓட்டிவிட்டால் டயர் மாற்றும் செலவு மிச்சம்.

கடலோர வண்டிகளில் உப்புக் காற்றால் ஷாக்கிள் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். பட்டறைக்குக் கொண்டுபோவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே, தினமும் மாலையில் துரு நீக்கும் எண்ணெயை அவற்றில் அடித்து வையுங்கள்.