மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன்

கவின்: மதி அக்கா, ஒரு சந்தேகம். எஃப்ஈ3ஓ4-இல் இரும்பின் ஆக்சிஜனேற்ற எண், அதாவது ஓர் அணுவுக்குக் கணக்கில் வரும் மின்சுமை, கேட்டிருக்கிறார்கள். ஒரு ஆக்சிஜனுக்கு −2, நான்குக்கு −8. அதைச் சரிக்கட்ட இரும்புக்கு +8. மூன்றால் வகுத்தால் 2.67 வருகிறது. எங்கே தப்பு?

மதி அக்கா: கணக்கு சரிதான். 8/3 என்பது சராசரி. மூன்று இரும்பில் ஒன்று +2, மற்ற இரண்டும் +3. கூட்டிப் பார், எட்டு வரும்.

சித்தப்பா: அணுவையே முக்கால், அரைக்கால் என்று வெட்டுகிறார்களோ என்று பயந்துவிட்டேன் 😄

மதி அக்கா: எஃப்ஈஓ·எஃப்ஈ2ஓ3 என்றும் அதை எழுதுவார்கள். ஆனால் இரண்டு பொடியைக் கலந்து வைத்தது என்று நினைத்துவிடாதே. ஒரே படிகம், மேக்னடைட்.

கவின்: அப்புறம், லேபில் அந்தக் கருப்பு எஃப்ஈ3ஓ4 பொடி காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சிவப்பு எஃப்ஈ2ஓ3 அசையவே இல்லை. அதிலும் 70% இரும்பு இருக்கிறதே?

மதி அக்கா: இரும்பு எவ்வளவு என்பதில் ஒன்றும் இல்லை. மூன்றில் இரும்பு அதிகம் உள்ளது எஃப்ஈஓ, 77.7%. அறை வெப்பநிலையில் அதுவும் காந்தத்தில் ஒட்டாது.

மதி அக்கா: ஒவ்வொரு இரும்பு அயனியும், அதாவது மின்சுமை ஏறிய அணுவும், தனித்தனியே ஒரு சின்னக் காந்தம். ஹேமடைட் என்கிற அந்தச் சிவப்பு எஃப்ஈ2ஓ3-இல் பாதி ஒரு பக்கமும் பாதி எதிர்ப்பக்கமும் பார்த்து நிற்பதால் ஏறக்குறைய முழுதும் ரத்தாகிவிடுகிறது. மேக்னடைட்டில் +3 அயனிகள் இரண்டும் எதிரெதிராக நின்று ரத்தாகும். +2 மட்டும் மிச்சம். காந்தம் இழுப்பது அந்த மிச்சத்தைத்தான்.

கவின்: அப்படியானால் +2 இருந்தால்தான் ஒட்டும் என்று எழுதிவிடலாமா?

மதி அக்கா: எழுதாதே! எஃப்ஈ2ஓ3-க்கே இன்னொரு வடிவம் இருக்கிறது, மேக்ஹெமைட். ஒரு +2 கூடக் கிடையாது, ஆனாலும் நன்றாக ஒட்டும். அதில் +3 அயனிகள் இரண்டு வகை இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன, எண்ணிக்கை சமமில்லை. சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் ஹேமடைட்டாக மாறிவிடும். வாய்பாடு அதேதான், காந்தம் மட்டும் போய்விடும். பழைய கேசட் நாடாவின் பழுப்புப் பூச்சு இந்த மேக்ஹெமைட்தான்.

சித்தப்பா: இத்தனை வருஷம் துருவிலா பாட்டுக் கேட்டோம்?

மதி அக்கா: துரு இல்லை சித்தப்பா. துருவில் தண்ணீரும் சேர்ந்திருக்கும்.

பெரியம்மா: நம் கேட்டில் இருப்பது எது மதி? ஒரு இடத்தில் சிவப்பு, ஒரு இடத்தில் மஞ்சள்.

மதி அக்கா: துருதான் பெரியம்மா. எஃப்ஈ2ஓ3·என்எச்2ஓ என்று புத்தகத்தில் போடுவார்கள். அந்த ‘என்’ நிலையான எண் இல்லை. மஞ்சளாகத் தெரிவது பெரும்பாலும் எஃப்ஈஓ(ஓஎச்). இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும். அதனால் உப்பி, பெயின்டைத் தள்ளிக்கொண்டு, ஏடு ஏடாக உதிரும். உள்ளே புது இரும்பு வெளிப்படும், அதுவும் துருப்பிடிக்கும்.

பெரியம்மா: பெயின்டர் முதலில் அடிப்பூச்சாக ரெட் ஆக்சைடு அடிக்கச் சொன்னார். அதுவும் இரும்பு ஆக்சைடாமே. துருவுக்குத் துருவையா பூசுவது?

மதி அக்கா: நல்ல கேள்வி 👏 ரெட் ஆக்சைடில் நிறம் தருவது நீரில்லாத எஃப்ஈ2ஓ3. ஏற்கெனவே முழுதாக ஆக்சிஜன் ஏறியாகிவிட்டது, இனி ஏற இடமில்லை. அதனால் வெயிலில் நிறமும் மங்காது. ஆனால் பழைய துருவைச் சுரண்டாமல் மேலே அடித்தால் காசு தண்டம்.

சித்தப்பா: சுரண்டும் வேலை எனக்கு வரப்போகிறது என்று தெரிகிறது.

பெரியம்மா: 👍

கவின்: அக்கா, கடைசியாக ஒன்று. எஃப்ஈஓ-வில் ஒன்றுக்கு ஒன்று, அதில் சிக்கல் ஏதும் இல்லையே?

மதி அக்கா: அதில்தான் பெரிய சிக்கல். எப்போதும் இரும்பு கொஞ்சம் குறையும், நூறு ஆக்சிஜனுக்குச் சுமார் 95 இரும்பு. மின்சுமையைச் சரிக்கட்ட +2 சிலது +3 ஆகிவிடும். 570 டிகிரிக்குக் கீழே நிலைக்கவும் நிலைக்காது. மெதுவாக ஆறவிட்டால் இரும்பும் மேக்னடைட்டுமாகப் பிரிந்துவிடும். சட்டென்று குளிரவைத்தால்தான் கையில் மிஞ்சும்.

கவின்: தேர்வில் 0.95 என்றா எழுதுவது?

மதி அக்கா: எஃப்ஈஓ என்றே எழுது, மதிப்பெண் வரட்டும்.