நவம்பர் 1 கட்டத்தில் என்ன போடுவது?

பிரஸ்காரி, களியக்காவிளை:

களியக்காவிளையில் சின்ன ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறேன். அப்பா ஈய எழுத்துக் கோர்த்துக் கல்யாணப் பத்திரிகை அடித்த இடம். இப்போது எனக்கு உருப்படியாகக் காசு வருவது காலண்டர் சீசனில்தான். டெய்லி காலண்டர் என்றால் தலைவலி இல்லை. தேதிக் கட்டு சிவகாசியிலிருந்து தயாராக வந்துவிடும். அட்டையில் கடைப்பெயர் அடித்து, கட்டைப் பொருத்திக் கொடுத்தால் முடிந்தது. தேதியில் பிழை என்றால் அது சிவகாசிக்காரர் தலையில். மாதக் காலண்டர் அப்படியில்லை, பன்னிரண்டு தாளும் நானே போடுவது. பிழையும் என்னுடையது.

இங்கே ஒரு பேக்கரிக்கு வருஷா வருஷம் 15க்கு 20 அங்குலத் தாளில் அடித்துக் கொடுக்கிறேன். பேக்கரிக்குப் பாதி ஆட்கள் பாறசாலைப் பக்கமிருந்து வருகிறவர்கள், பாதி மார்த்தாண்டம், புதுக்கடைப் பக்கம். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் மேலே தமிழ், கீழே மலையாளம். இந்த 2025 காலண்டரில் நவம்பர் 1 கட்டத்தில் ‘கேரளப் பிறவி’, அதாவது கேரளம் பிறந்த நாள், என்று மட்டும் போட்டுவிட்டேன். பத்து மாதம் யாரும் கவனிக்கவில்லை. அக்டோபர் தாளைக் கிழித்த அன்றே ஒரு பெரியவர் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு வந்து, பஃப்ஸ் இருக்கிற கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாராம். “எங்க அண்ணன் 54-ல் போலீஸிடம் அடி வாங்கினது கேரளப் பிறவி கொண்டாடவா?” என்று கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம்தானே? எனக்கு வாய் திறக்க முடியவில்லை. குமரியைத் தமிழ் மாநிலத்தோடு சேர்க்கக் கேட்ட அந்தப் போராட்டத்தில் என் தாத்தாவும் இருந்தவர், எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்!

இப்போது 2026-க்கு ஆர்டர் வந்திருக்கிறது. பேக்கரி முதலாளி, “ஒண்ணும் வேண்டா, வெறுதே விட்டேக்கு” என்கிறார். கட்டத்தைக் காலியாக விட எனக்கு மனசில்லை. தீபாவளி, ரம்ஜான் என்றால் பஞ்சாங்கமும் பிறையும் தீர்மானித்துவிடும், என்னோடு யாருக்கும் சண்டையில்லை. நகராமல் நிற்கிற இந்தத் தேதிதான் படுத்துகிறது. தங்கச்சி மகன் மொபைலைப் பார்த்து, “பெரியம்மா, அன்றைக்கு உலக வீகன் தினம், அதைப் போடுங்க” என்கிறான். முட்டை பஃப்ஸ் விற்கிற கடையின் காலண்டரில்!

கட்டத்தில் தேதி எண் போக நாலு வரி பிடிக்கும், அதில் இரண்டு மலையாளத்துக்கு. அன்று யார் யார் என்ன கொண்டாடுகிறார்கள் என்று சரியாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார், குழித்துறை:

மக்களே, அந்தப் பெரியவர் வயதுதான் எனக்கும். கேரளமும் நம் குமரி மாவட்டமும் ஒரே சட்டத்தில் பிறந்தவை. மாநிலச் சீரமைப்புச் சட்டம் 1956 நவம்பர் 1, வியாழக்கிழமை அமலுக்கு வந்தது. அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் மறைந்தது. மலபாரும் காசர்கோடும் சேர்ந்து கேரளம் ஆயிற்று. நம்முடைய தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பழைய கணக்கில் கொல்லம் 1132, துலாம் மாதம்.

பெரியவர் சொன்ன 54 என்பது 1954 ஆகஸ்ட் 11. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அன்று விடுதலை நாள் என்று அறிவித்திருந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது திருவனந்தபுரத்தில் பட்டம் தாணு பிள்ளை அரசு. அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணி பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் துண்டை இடுப்பில் கட்டுகிற ஆள் உண்டு.

அதற்காகக் கேரளப் பிறவியை எடுத்துவிட வேண்டாம். பாறசாலைக்காரர் வீட்டுப் பிள்ளை அன்று கசவு உடுத்திப் பள்ளிக்கூடம் போகும். விடுமுறை கிடையாது, வேலை நாள்தான், ஆனால் கொண்டாட்டம் உண்டு. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரையெல்லாம் கேட்டும் கிடைக்காமல் போனதை நினைத்து வருத்தப்படுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அதையும் கட்டத்துக்குள் திணிக்க முடியாது.

ஒன்று கவனம். ‘தமிழ்நாடு நாள்’ என்று போட்டுவிடாதே. 2019-ல் நவம்பர் 1-ஐத்தான் அப்படி அறிவித்தார்கள். 2021-ல் அதை ஜூலை 18-க்கு மாற்றிவிட்டார்கள். 1967-ல் சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானம் போட்ட நாள் அது. நாம் போய்ச் சேர்ந்தபோது அந்த மாநிலத்துக்குப் பெயர் சென்னை மாநிலம். ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்கச் சொல்லி உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் இறந்தது 1956 அக்டோபர் 13, நாம் சேர்வதற்கு மூன்று வாரம் கூட இல்லை. பெயர் அதிகாரபூர்வமாக வந்ததோ 1969 ஜனவரி 14.

செங்கோட்டைக்காரன்:

வாத்தியார் ஐயா, நாலு தாலுகாவோடு நிறுத்திவிட்டீர்களே! செங்கோட்டையும் அதே நாளில்தான் திருவிதாங்கூரிலிருந்து வந்தது. தாலுகாவில் ஒரு பகுதி அந்தப் பக்கமே நின்றுவிட்டது, நாங்கள் திருநெல்வேலியோடு சேர்ந்தோம். எங்களுக்கென்று தனி மாவட்டம் கிடைக்காததால் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அக்கா, ‘குமரி, செங்கோட்டை’ என்று சேர்த்துப் போடுங்கள், ஒரு சொல்தானே.

நகரியிலிருந்து:

நான் வடக்கு எல்லை. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. ஆந்திராவுக்கும் நவம்பர் 1 பிறந்தநாள்தான், ஆனால் எங்களுக்கு அது இரண்டாவது பிறந்தநாள். பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15-ல் இறந்த பிறகு, 1953 அக்டோபர் 1-ல் கர்நூலைத் தலைநகராக வைத்து ஆந்திர மாநிலம் வந்தது. தெலங்கானாவைச் சேர்த்து ஆந்திரப் பிரதேசம் ஆனதுதான் 1956 நவம்பர் 1. 2014-ல் தெலங்கானா பிரிந்து ஜூன் 2-ஐ எடுத்துக்கொண்டது. இங்கே நவம்பர் 1 விழா சில வருஷம் இல்லாமல் போய், 2019-ல் திரும்ப வந்தது. சேர்ந்த வீடு பிரிந்த பிறகு கல்யாண நாளைக் கொண்டாடலாமா வேண்டாமா என்கிற மாதிரிக் குழப்பம்.

எங்கள் ஊர்த் தமிழர்களுக்கு உறுத்துகிற தேதி வேறு: 1960 ஏப்ரல் 1. அன்றுதான் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நாங்கள் இங்கேயே நின்றோம். திருத்தணி முருகனைப் பார்க்க இன்றைக்கும் மாநிலம் தாண்டித்தான் காவடி எடுக்கிறோம். இது உங்கள் கட்டத்துக்கு வேண்டாம், சும்மா சொல்ல வேண்டும் போலிருந்தது.

கப்பல் சமையல், தூத்தூர்:

அக்கா, நான் சரக்குக் கப்பலில் சீஃப் குக். எந்தத் துறைமுகத்தில் என்றைக்கு லீவு என்று தெரியாவிட்டால் காய்கறி வராது, அதனால் இந்தத் தேதியெல்லாம் எனக்கு வயிற்றுக் கணக்கு.

முதலில் நம் சங்கதி. நவம்பர் 1 சகல புனிதர் பெருவிழா. எங்கள் பாட்டி ‘சகல அர்ச்சியசிஷ்டர் திருநாள்’ என்பாள். மறுநாள் கல்லறைத் திருநாள். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து எல்லாவற்றிலும் 1-ஆம் தேதி அரசு விடுமுறை. போலந்தின் கிதினியா துறைமுகத்தில் ஒரு தடவை அன்று மாட்டிக்கொண்டோம். கிரேன் ஓடவில்லை. சாயங்காலம் ஊருக்குள் நடந்தால், மலைச்சரிவு முழுக்க வெளிச்சம். என்னவென்று போய்ப் பார்த்தால் கல்லறைத் தோட்டம். மெழுகுதிரியை மூடி போட்ட கண்ணாடிக் குப்பிக்குள் வைக்கிறார்கள். நம் கடற்கரைக் காற்றுக்கு அதுதான் வேண்டும்! தூத்தூரில் அம்மா மணலைத் தோண்டித் திரியை நட்டு, முந்தானையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ‘ஆமென்’ சொல்வதற்குள் அணைந்துவிடும். அங்கே கல்லறைமேல் தொட்டி தொட்டியாகச் சாமந்தி. பிரான்சிலும் அப்படித்தான், அதனால் அங்கே விருந்துக்குப் போகிற வீட்டுக்குச் சாமந்தி கொண்டுபோகக் கூடாது. நாம் ஆயுத பூஜைக்கு மிஷினுக்கே மாலை போடுகிறோம்.

மெக்சிகோவில் வெராக்ரூஸ் போனால் கேந்திப்பூ. 1-ஆம் தேதி செத்துப்போன குழந்தைகளுக்கு, 2-ஆம் தேதி பெரியவர்களுக்கு. வீட்டுக்கு வழி தெரியட்டும் என்று இதழைத் தரையில் வாசல்வரை தூவுகிறார்கள். தோவாளைச் சந்தையில் கூறு கட்டி விற்கிற அதே பூ. அதற்குச் சொந்த ஊரே மெக்சிகோதான்.

எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் இதே தேதி என்று நினைக்க வேண்டாம். எங்கள் கேப்டன் ஒருவர் கிரேக்கர். அவர்களுக்குச் சகல புனிதர் நாள் பெந்தெகொஸ்தே கழிந்த முதல் ஞாயிறு. ரோமிலேயே முன்பு மே 13 இருந்தது. எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி பாப்பரசர் பேதுரு கோவிலில் சகல புனிதருக்கும் ஒரு சிற்றாலயம் அர்ப்பணித்ததோடு நவம்பர் 1-க்கு வழி பிறந்தது என்பார்கள். சிஎஸ்ஐக்காரர்களுக்கு முந்தின நாள் முக்கியம். புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வழிவைத்த மார்ட்டின் லூத்தர் தன் 95 கருத்துகளை எழுதி அனுப்பியது 1517 அக்டோபர் 31, இந்தத் திருநாளுக்கு முந்தின நாள்.

இப்போது நான் சொல்ல வந்தது. அல்ஜீரியாவில் ஒரான் துறைமுகம். நவம்பர் 1, எங்கு பார்த்தாலும் பச்சை வெள்ளைக் கொடி, லாரி ஒன்றும் வரவில்லை. முஸ்லிம் நாட்டில் சகல புனிதருக்கு லீவா என்று ஏஜெண்டிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். 1954 நவம்பர் 1 நள்ளிரவு கழிந்து பிரெஞ்சுக்காரருக்கு எதிராக ஆயுதப் போராட்டம் தொடங்கிய நாளாம். பிரெஞ்சுக்காரர்கள் ‘தூசேன்’ என்கிற சகல புனிதர் நாள் லீவில் இருக்கிற நாளாகப் பார்த்து அடித்தார்கள் என்றார். கப்பலுக்குத் திரும்பி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: அது புதுச்சேரி நாள் அல்லவா! அதே 1954, அதே திங்கட்கிழமை, அதே பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி ஆட்சியை இந்தியாவிடம் கொடுத்தார்கள். அதற்குமுன் அக்டோபர் 18-ல் கீழூரில் ஓட்டெடுத்தபோது 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியா பக்கம். இங்கே ஓட்டில் முடிந்தது, அங்கே எட்டு வருஷம் ரத்தம். அல்ஜீரியா 1962 ஜூலை 5-ல் விடுதலை ஆனது. நம் புதுச்சேரி ஒப்பந்தமும் அதே வருஷம்தான் முடிவுக்கு வந்தது. 1956-ல் கையெழுத்தானது, ஆகஸ்ட் 16, 1962-ல் சட்டப்படி நடப்புக்கு வந்தது. இன்றைக்கும் புதுச்சேரியில் நவம்பர் 1 விடுதலை நாள், லீவு. மாஹே அவர்களோடு சேர்ந்தது என்பதால் அங்கேயும் லீவு. பாலத்தைத் தாண்டினால் கேரளம், பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள்.

கடைசியாக ஆன்டிகுவா-பார்புடா. 1981 நவம்பர் 1-ல் இங்கிலாந்திடமிருந்து விடுதலை. விவ் ரிச்சர்ட்ஸ், ஆம்புரோஸ் ஊர் என்றால் உங்கள் தங்கச்சி மகன் அதையே முதல் வரியாகப் போடச் சொல்வான்.

ஓய்வு வாத்தியார், குழித்துறை:

தூத்தூர்த் தம்பி, அல்ஜீரியாவும் புதுச்சேரியும் ஒரே நாள் என்று நாற்பது வருஷம் சரித்திரம் நடத்திய எனக்குத் தட்டவில்லை. வெட்கமாக இருக்கிறது. கர்நாடகத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள், அவர்களுக்கும் 1956-தான், அங்கே அரசு விடுமுறையே உண்டு. மத்தியப் பிரதேசமும் அன்றுதான். ஹரியானா 1966, சத்தீஸ்கர் 2000, தேதி அதே. மக்களே, புதுச்சேரிக்கும் கர்நாடகத்துக்கும் சிவப்பு, நமக்குக் கறுப்பு என்றால் தேதி எண்ணை எந்த மையில் அடிப்பாய்?

பிரஸ்காரி, களியக்காவிளை:

சார், மைக்குப் பிரச்சினை இல்லை. 2026 நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை, தானாகவே சிவப்பு. 2027-க்குத் திங்கள், அப்போது உங்களிடம் வருகிறேன்.

நேற்று ராத்திரி இப்படி அமைத்தேன். முதல் வரியில் நடுவில் 1956. அதன் இடப்பக்கம் ‘கேரளப் பிறவி’, வலப்பக்கம் ‘குமரி, செங்கோட்டை இணைப்பு’. இரண்டாம் வரி சகல புனிதர் பெருவிழா. கீழே அதையே மலையாளத்தில். யாரை முதலில் போட்டாய் என்று பேக்கரியில் கேட்பார்களே என்றுதான் யோசனையாக இருந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். களியக்காவிளையில் நின்றால் கேரளம் இடப்பக்கம், குமரி வலப்பக்கம். இருக்கிறபடி போட்டேன், கேட்டால் சுவரில் வரைபடம் தொங்குகிறது.

அல்ஜீரியா, புதுச்சேரி, ஆன்டிகுவா மூன்றும் நவம்பர் தாளின் அடிப்பட்டையில் ‘இதே நாளில்’ என்று போகின்றன. அந்த இடம் கிறிஸ்துமஸ் கேக் புக்கிங்குக்கு என்று முதலாளி சண்டை போட்டார். பாதிப் பட்டை கேக்குக்கு, பாதி உலகத்துக்கு என்று முடிந்தது. நகரிக்காரர் சொன்ன 1960-ஐ ஏப்ரல் 1 கட்டத்தில் போட்டிருக்கிறேன். இங்கே அதைப் படிக்கிறவர் யாரென்று கேட்காதீர்கள், அந்தக் கட்டம் காலியாகத்தான் கிடந்தது.

இன்று காலை புதுக்கடைப் பெரியவரைத் தேடிப்போய்ப் புரூஃப் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு 1-ஆம் தேதியை விரலால் தொட்டுத் தொட்டு மலையாள வரியையும் சேர்த்துப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. விரல் அப்படியே 2-ஆம் தேதிக்கு நகர்ந்தது. “கல்லறைக்கு வல்லின ற போடணும், இதில் கல்லரைன்னு கிடக்குது” என்றார். திருத்திவிட்டேன், ஒரு பிளேட் காசு மிச்சம்.