எல்லாத்தையும் வித்துட்டு பாய்மரப் படகுல தீவு தீவா சுத்தறது: வாழ்க்கையா, வேண்டாத வேலையா?

உப்புக்காத்து
மார்ச்ல மூணு வாரம் லீவு போட்டுட்டு கரீபியன் போயிருந்தேன். டொரொண்டோல வேலை பாத்தப்ப கூட இருந்த ஒருத்தரும் அவர் மனைவியும் வீட்டை வித்துட்டு அஞ்சு வருஷமா படகுலயே குடியிருக்காங்க, 39 அடி பாய்மரப் படகு, அவங்ககூடதான் இருந்தேன். கிரெனடால ஏறி காரியாகூ, யூனியன், டொபேகோ கீஸ், பெக்வே, செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியான்னு ஒவ்வொன்னா தொட்டுட்டு மார்ட்டினிக்ல இறங்கினேன். டொபேகோ கீஸ்னா ஆளில்லாத குட்டித் தீவு அஞ்சு, அதுக்கு முன்னாடி குதிரைலாடம் மாதிரி வளைஞ்ச பவழப்பாறை. பாறைக்குப் பின்னாடி ஒதுங்கி நங்கூரம் போட்டா அலை கிடையாது ஆனா காத்து மட்டும் நேரா மூஞ்சில அடிக்கும், நேர் கிழக்கே ஆப்பிரிக்கா வரைக்கும் வேற நிலமே இல்ல. காலைல ஏணில இறங்கினா கீழ ஆமை புல்லு மேயுது.

எனக்கு 47 ஆச்சு. வேளச்சேரி ஃபிளாட்டை வித்தா ஒரு செகண்ட் ஹேண்ட் 38 அடி படகு வாங்கிடலாம்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். வீட்ல சொன்னேன், "சரி பாக்கலாம்"னா. நீங்க என்ன சொல்றீங்க?

கணக்குப்பிள்ளை
படகு வாங்கற காசுதான் செலவுன்னு நினைக்கறீங்க பாருங்க, அங்கயே தப்பு. ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வரைக்கும் புயல் சீசன், அந்த ஆறு மாசமும் படகு இன்ன அட்சரேகைக்குத் தெற்கே இருந்தாத்தான் கிளைம்னு நிறைய இன்சூரன்ஸ் பாலிசில எழுதியிருக்கும், அதனால எல்லாரும் கிரெனடா, டிரினிடாட்னு கூட்டமா ஓடுவாங்க. அடியில பாசி பிடிக்காம பெயிண்ட் அடிக்க கிரேன் வச்சு தூக்கணும், தூக்கற காசு தனி, யார்டுல வைக்கற நாள் வாடகை தனி. பாய்மரத்தைத் தாங்கற கம்பி எல்லாம் பத்துப் பதினஞ்சு வருஷத்துல மாத்தணும்பான், மாத்தலன்னா இன்சூரன்ஸ்காரன் முகம் சுளிப்பான். இதுல இந்திய பாஸ்போர்ட் வேற. கிரெனடா, செயின்ட் வின்சென்ட்டுக்கு பிரச்சினை இல்ல, ஆனா மார்ட்டினிக், குவாதலூப் ரெண்டும் பிரெஞ்சு மண்ணு, விசா வேணும். 20 மைலுக்கு ஒரு நாடு, ஒவ்வொரு நாட்டுலயும் இன்னும் அனுமதி வாங்கலன்னு காட்டற மஞ்சக்கொடி ஏத்தி கஸ்டம்ஸ், இமிகிரேஷன் முடிச்சாத்தான் கால் வைக்க முடியும். நீங்க போனது மூணு வாரம் விருந்தாளியா. விருந்தாளிக்கு எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும்.

உப்புக்காத்து
சார், புயலுக்கு பயந்தா சென்னைலயும்தான் இருக்க முடியாது. 2015 வெள்ளத்துல ரெண்டு நாள் மொட்டை மாடில உக்காந்திருந்தோம்.

கணக்குப்பிள்ளை
மொட்டை மாடி மூழ்காது, அதான் வித்தியாசம். கிரெனடாவையே எடுத்துக்கங்க, 1955 ஜேனட் புயலுக்கு அப்புறம் பெரிய அடி எதுவும் இல்ல, அது புயல் பாதைக்கு வெளியன்னு நம்பி எல்லா படகும் அங்க போய் ஒதுங்குச்சு. 2004 செப்டம்பர்ல ஐவன் நேரா அங்கயே வந்துச்சு. 2024 ஜூலை 1 பெரில், நாலாம் கேட்டகரி, காரியாகூ மேலயே ஏறிச்சு. டைரல் பே சதுப்புக்காடு தெரியும்ல, புயல் வந்தா படகை உள்ள சொருகி மரத்துல கட்டிட்டு வர்ற இடம். அங்கயே படகுங்க ஒன்னு மேல ஒன்னா கிடந்துச்சு. நீங்க அதைப் பாத்திருப்பீங்களே, எழுதலயே?

உப்புக்காத்து
பாத்தேன். எழுதல, ஒத்துக்கறேன்.

எஞ்சின்ரூம்
22 வருஷம் கப்பல்ல எஞ்சினியரா இருக்கேன், கடலைப் பத்தி யாரும் எனக்கு கவிதை சொல்ல வேணாம். கப்பல்ல நாங்க இத்தனை பேரு இருக்கோம், ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோர் இருக்கு, அப்பவே நாக்கு தள்ளும். உங்க படகுல எஞ்சினியர், எலக்ட்ரிசியன், பிளம்பர், டெய்லர் எல்லாம் நீங்களே. கடல்தண்ணியை குடிதண்ணியாக்கற வாட்டர்மேக்கர்ல மெம்பரேன் போகும், கடல்தண்ணி பம்போட ரப்பர் இம்பெல்லர் கிழியும், டீசல்ல தண்ணி இறங்கி அழுக்கு வளரும், கக்கூஸ் குழாய்ல உப்பு கெட்டியா படிஞ்சு அடைக்கும், அதை நீங்கதான் கழட்டி தட்டி எடுக்கணும், வேற யாரும் வர மாட்டான். படகுல உலகம் சுத்தறதுன்னா அழகான ஊர்ல உக்காந்து ரிப்பேர் பாக்கறதுன்னு அந்தக் கூட்டத்துலயே ஒரு ஜோக் உண்டு. ஜோக் இல்ல அது.

இன்னொன்னு, கிரெனடாலேர்ந்து காரியாகூ போற வழில கடலுக்கு அடியில உயிரோட ஒரு எரிமலை, கிக் எம் ஜென்னின்னு பேரு. ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள எப்பவுமே போகக்கூடாது, எச்சரிக்கை ஏத்தினா அஞ்சு கிலோமீட்டர். வாயு குமிழ் கிளம்பினா தண்ணி அடர்த்தி கொறஞ்சு மிதக்கறதே மிதக்காது. கடல் சார்ட் பாக்காம ஆமை பாத்துட்டு இருந்தா கஷ்டம்.

கட்டுமரத்தமிழன்
எல்லாரும் பயமுறுத்தறீங்களேப்பா. கேட்டமரான்ங்கற வார்த்தையே நம்ம கட்டுமரம்தான், உலகத்துக்கே கத்துக்குடுத்தவன் தமிழன், நமக்கு கடல் ரத்தத்துலயே இருக்கு. போங்க ப்ரோ.

எஞ்சின்ரூம்
பேரு நம்மளது, சரி. ஆனா கட்டுமரம்னா மரத்தை சேத்து கட்டறது, இப்ப விக்கற ரெட்டை உடம்புப் படகு பாலினேசியாக்காரன் வழி. 1876ல ஹெர்ரஷாஃப்னு ஒரு அமெரிக்கன் அமரில்லிஸ்னு ஒன்னு கட்டி நியூயார்க் பந்தயத்துல எல்லாரையும் ஜெயிச்சு அதுக்கு தடையே வாங்கினான். ரத்தத்துல இருக்கறது இம்பெல்லர் மாத்தாது தம்பி.

காரைக்காலம்மா
லேட்டா வர்றேன். நானும் என் வீட்டுக்காரரும் நாலு வருஷம் அதே தீவுங்கள்ல படகுல இருந்தோம், 36 அடி. அவருக்கு பிரெஞ்சு குடியுரிமை, எனக்கும் அதான், அதனால கணக்குப்பிள்ளை சொல்ற விசா தொல்லை எங்களுக்கு இல்ல. ரெண்டு பக்கமும் பாதி பாதி சரியாத்தான் பேசறீங்க, ஆனா யாரும் பேசாத ஒன்னு இருக்கு.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். டிசம்பர் கடைசியிலேர்ந்து வருஷத்துலயே பலமா காத்து அடிக்கும், கிறிஸ்துமஸ் காத்தும்பாங்க, கிழக்கே இருந்து நம்ம கொண்டல் மாதிரி, ஆனா நிக்கவே நிக்காது, 25 நாட் வேகம், சில நாள் 30. தீவுக்கு மேற்கால ஒதுங்கி ஓடறப்ப மலை மறைச்சு காத்தே இருக்காது, எஞ்சின் போடணும், தீவு முனை தாண்டினதும் சட்டுனு ஒரு அறை அறையும், பாயை அதுக்கு முன்னாடியே சுருக்கி வச்சிருக்கணும். அது கை பழகினதும் ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அதை மறுக்க மாட்டேன். மார்ட்டினிக்ல கடையில கொலொம்போன்னு மசாலாப்பொடி விக்கறான், நம்ம குழம்புப்பொடிக்கு ஒன்னுவிட்ட தங்கச்சி. 1853லேர்ந்து காரைக்கால், புதுச்சேரில இருந்து கரும்பு வெட்ட கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்கல்ல, குவாதலூப்ல அவங்க பேரன் பேத்திங்க ராமசாமி, முத்துசாமின்னு குடும்பப் பேரு வச்சிருக்காங்க, தமிழ் ஒரு வார்த்தை வராது. அங்க காப்பெஸ்தேர்ங்கற ஊர்ல ஷாங்ஜி (Changy) கோயில் வாசல்ல நான் நின்னு அழுதேன், ஏன்னு தெரியல.

இப்ப யாரும் பேசாதது. நங்கூரம் போடற நேரம். அவர் முன்பக்கம் சங்கிலிகிட்ட, நான் பின்னாடி சுக்கான்ல. காத்துல ஒன்னும் கேக்காது, அவர் கத்துவார், நான் கத்துவேன், பக்கத்து படகுல எல்லாரும் காப்பிக் கப்போட உக்காந்து வேடிக்கை பாப்பாங்க, அதான் அங்க சாயங்கால டிராமா. அஞ்சு மீட்டர் ஆழத்துக்கு 25, 30 மீட்டர் சங்கிலி விடணும், அவர் அவசரத்துல 15 விட்டுட்டு போதும்பார், ராத்திரி ரெண்டு மணிக்கு இழுத்துட்டு போகும். கடைசில தலையில மாட்டற மைக்கு வாங்கினோம், இங்கிலீஷ்காரங்க அதுக்கு வச்ச பேரே கல்யாணத்தைக் காப்பாத்தற கருவின்னு. ராத்திரிப் பயணம்னா மூணு மணி நேரம் அவர் முழிப்பு, மூணு மணி நேரம் நான், ஒரே படகுல இருந்தும் மூஞ்சி பாத்துக்கறது மாத்தற அந்தப் பத்து நிமிஷம்தான். அப்புறம் பகல் பூரா 36 அடி. கோவிச்சுக்கிட்டு போக பக்கத்து ரூம் கிடையாது, அம்மா வீடு கிடையாது. டிங்கில, அதான் கரைக்குப் போற குட்டிப் படகு, அதுல ஏறிப் போகலாம், அது ஒன்னுதான் இருக்கு, யாரு எடுத்துட்டு போறதுங்கறதே அடுத்த சண்டை. அந்த டிங்கியையும் ராத்திரி தூக்கிக் கட்டலன்னா காலைல இருக்காது, எங்களுது ஒரு தடவை போச்சு.

எங்களுக்கு முன்னாடி கிளம்பின ரெண்டு ஜோடி பாதியில படகை வித்துட்டு தனித்தனி ஃபிளைட்ல ஊருக்கு போனாங்க. புயலால இல்ல, காசாலயும் இல்ல. ஒருத்தர் கனவுல இன்னொருத்தர் சம்பளமில்லாத கிளீனர்.

உப்புக்காத்து தம்பி, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். ஆமை வந்திருக்கு, காத்து வந்திருக்கு, உங்க வயசு வந்திருக்கு. உங்க வீட்டுக்காரி ரெண்டே வார்த்தையோட நிக்கறா. "சரி பாக்கலாம்"னா நம்ம வீட்டுப் பொம்பளைங்க பாஷைல என்ன அர்த்தம்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?

கட்டுமரத்தமிழன்
அக்கா 🙏

ஒத்தக்கேள்வி
எனக்கு வேற உறுத்தல். பெரில் அடிச்சதும் படகுக்காரன் இன்சூரன்ஸ் வாங்கிட்டு வேற தீவுக்கு போயிடுவான், யூனியன் தீவுல வீடு போனவன் எங்க போவான்? வெள்ளைக்காரன் ஓய்வுகாலம் கழிக்க அவங்க ஊரு ஒரு நீச்சல்குளம், இப்ப நாமளும் கிளம்பணுமா?

காரைக்காலம்மா
கேள்வி நியாயம். ஆனா பெரில் முடிஞ்சதும் கிரெனடா, பெக்வே, மார்ட்டினிக்ல இருந்து தண்ணி, தார்ப்பாய், ஜெனரேட்டர்னு ஏத்திட்டு போனதும் இந்தப் படகுங்கதான். ரெண்டும் உண்மை. டொமினிக்கா தீவுல போர்ட்ஸ்மவுத்ங்கற ஊர்ல உள்ளூர் படகோட்டிங்களே சங்கமா சேந்து ராத்திரி ரோந்து, சுத்திக் காட்டறதுன்னு நடத்தறாங்க, அந்த மாதிரி ஊர்ல காசு ஊர்க்காரன் கைக்கு போகும். பேரம் பேசியே வயித்துல அடிக்கற படகுக்காரனையும் பாத்திருக்கேன்.

எஞ்சின்ரூம்
அக்கா சொன்னதுல ஒரு சின்ன திருத்தம், சங்கிலி கணக்கு போடறப்ப ஆழத்தோட முன்பக்கம் தண்ணிலேர்ந்து எவ்வளவு உயரம்ங்கறதையும் சேக்கணும். உங்க வீட்டுக்காரர் அதை சேக்கல போல.

காரைக்காலம்மா
நீங்க வேற. அதை நான் சொன்னப்ப கேக்கல, யூட்யூப்ல ஒருத்தன் சொன்னப்ப கேட்டார்.

உப்புக்காத்து
நாலு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். அக்கா கேட்டதுல தூக்கம் வரல, அவகிட்ட உக்காந்து நேரா கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்னும் சொல்லல. அப்புறம் "எனக்கு நீச்சல் தெரியாது, 19 வருஷமா கூட இருக்கீங்க, அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா"ன்னா. எனக்கு ஞாபகம் இல்ல. கல்யாணமான புதுசுல கொடைக்கானல் ஏரில போட்ல ஏற மாட்டேன்னு கரையிலயே நின்னா, நான் பைய பாத்துக்கத்தான் நிக்கறான்னு நினைச்சேன்.

இப்ப ஃபிளாட்டை விக்கறதில்ல. அவளே ஒரு பேச்சு சொல்லியிருக்கா, வாடகைக்கு விட்டுட்டு ஒரே ஒரு சீசன், சொந்தப் படகு கிடையாது, அதுவும் அவ நீச்சல் கத்துக்கிட்டதுக்கு அப்புறம், கத்துக்கிட்டும் பிடிக்கலன்னா கிடையாது. செவ்வாய் வியாழன் கிளாஸ் சேந்துட்டா. நான் வரக்கூடாதாம், பாத்தா கூச்சமா இருக்காம், வாசல்ல வண்டிலயே உக்காந்திருக்கேன். இதையும் அங்கேர்ந்துதான் டைப் பண்றேன்.

காரைக்காலம்மா
வாசல்லயே இருங்க.

கணக்குப்பிள்ளை
வாடகைக்கு விடறதுன்னா அக்ரிமென்ட்ல 11 மாசம்னு போடுங்க. அட்வான்ஸை படகுக் கணக்குல சேத்துடாதீங்க, திருப்பிக் குடுக்கணும்.