நீர்ச்சக்கரத்துக்கு உகந்தது ஓடும் நீரா, விழும் நீரா?

கேள்வி: ஓடைக்கரையான்
கோத்தகிரிக்கு அருகில் எங்கள் தோட்டத்தை ஒட்டி ஓடை ஒன்று செல்கிறது. அதன் விசையால் மாவரைக்கும் கல் ஒன்றைச் சுழற்ற விரும்புகிறேன். நீர் விரைந்தோடும் இடத்தில் சக்கரத்தை இறக்கினாலே போதும் என்பது என் எண்ணம். தச்சரோ, வாய்க்கால் வெட்டி நீரைச் சக்கரத்தின் தலையில் கொட்ட வேண்டும் என்கிறார். அந்தச் செலவுக்கு ஏற்ற பலன் கிட்டுமா?

பதில்: பழைய பொறியாளன்
தச்சர் சொல்வதே சரி. இங்கிலாந்துப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சிறு மாதிரிச் சக்கரங்களைக் கொண்டு இதை அளந்து பார்த்து, 1759இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் முடிவுகளை வெளியிட்டார். அடிப்பக்கத்தில் நீர் மோதும் சக்கரம் நீரின் ஆற்றலில் அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கையே வாங்கிக்கொள்ள, மேலிருந்து நீரை ஏற்கும் சக்கரம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வாங்கியது. மோதும் நீர் சுழித்தும் சிதறியும் ஆற்றலை வீணாக்குகிறது. மேலிருந்து ஏற்கும் சக்கரத்தின் விளிம்பில் உள்ள சிறு தொட்டிகளில் நிரம்பும் நீரோ தன் எடையால் சக்கரத்தை அமைதியாக இழுத்துக்கொண்டே இறங்குகிறது. உங்கள் ஓடையின் அளவுகளைச் சொல்லுங்கள்.

ஓடைக்கரையான்
மூங்கில் குழாய் வழியாக நீரைத் திருப்பிப் பிடித்தபோது 20 லிட்டர் வாளி இரண்டு நொடியில் நிறைந்தது. இலை ஒன்றை மிதக்கவிட்டுப் பார்த்ததில் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர். தோட்டத்துக்குள் ஓடை 3 மீட்டர் இறங்குகிறது.

பதில்: பழைய பொறியாளன்
அப்படியானால் கணக்கே விடை சொல்லிவிடும். ஒன்றரை மீட்டர் வேகம் என்பது வெறும் 11 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்த நீரின் வேகம்தான்; நொடிக்கு 10 லிட்டரில் அதன் மொத்த ஆற்றல் 11 வாட், அதிலும் உங்கள் கைக்கு வருவது நான்கு வாட்டுக்குள். அதே நீர் 3 மீட்டர் விழுந்தால் 294 வாட். மூன்றில் இரண்டு பங்கு என்று கொண்டால் 196 வாட், அதாவது கால் குதிரைத்திறனுக்குச் சற்று மேல். கண்ணுக்கு வேகம் பெரிதாகத் தெரிந்தாலும் ஆற்றல் உயரத்தில்தான் இருக்கிறது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் மலையடிவாரத்தில் நூற்பாலை அமைத்ததும் அங்கே தாமிரபரணி இறங்கிவரும் உயரத்தை நம்பித்தான்.

பதில்: மலைநாடன்
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இரண்டரை மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால், அது நிமிடத்துக்கு எட்டுச் சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். கல்லுக்கு அது போதாது. பல்சக்கரம் வைத்து வேகத்தைக் கூட்ட வேண்டும், அதிலும் சிறிது ஆற்றல் கழியும். உத்தராகண்டின் ‘கராட்’ ஆலைகளில் படுக்கைவாட்டில் சுழலும் சக்கரத்தின் அச்சே மேற்கல்லைச் சுழற்றுவதால் பல்சக்கரம் தேவையில்லை. ஆனால் அதற்கு நீர் தாராளமாக வேண்டும். நொடிக்கு 10 லிட்டரை வைத்துக்கொண்டு அதை முயல மாட்டேன்.

ஓடைக்கரையான்
நன்றி. வாய்க்கால் வெட்டத் தச்சரிடம் சொல்லிவிட்டேன். கோடையில் ஒருமுறை வாளியால் அளந்த பிறகே சக்கரத்துக்கு மரம் வாங்குவேன்.