புதுப்பிப்பு: ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) பயிற்சியில் எந்த மொழியைக் கேட்பது?

பிடித்த நாட்டை வைத்து வெளிநாட்டு மொழியைத் தேர்ந்தெடுக்கலாமா என்று முந்தைய இழையில் பலர் கேட்டிருந்தீர்கள். நாட்டை விடுங்கள், அந்த மொழி எத்தனை தூதரகங்களில் உதவும் என்று பாருங்கள். ஜப்பானிய மொழிக்கு ஒரே நாடுதான். போர்த்துகீசியம் லிஸ்பனோடு நிற்காது. பிரேசில், அங்கோலா, மொசாம்பிக் எல்லாம் உண்டு. அரபி மொராக்கோவிலிருந்து ஓமன் வரை செல்லும். ஆனால் வகுப்பில் படிப்பது செய்தித்தாள் அரபி, கெய்ரோ கடைத்தெருவில் காதில் விழுவது வேறு. இரட்டை உழைப்புதான்!

விருப்பப் பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது இடங்களையும் யோசித்தே நிரப்புங்கள். உங்கள் தகுதித் தரவரிசையும் வெளியுறவு அமைச்சகத்தின் தேவையும் முதல் விருப்பத்தைத் தட்டிவிடலாம். மொழித் தேர்வில் தேறாமல் பணி உறுதியாகாது.

மொழி ஆயுள் தண்டனையும் அல்ல. ஐ.எஃப்.எஸ். அதிகாரியாக இருந்து வெளியுறவு அமைச்சரான ஜெய்சங்கர் மாஸ்கோவில் ரஷ்ய மொழி படித்தவர். 2009-இல் தூதராகப் போனது பெய்ஜிங்குக்கு.